ஒயர் அறுந்ததா, அழுத்தம் குறைந்ததா? டர்பைனுக்கு எப்படித் தெரியும்? '4 மில்லி ஆம்பியர்' கணக்கு!

ஒரு பிரஷர் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. நிஜமாகவே அழுத்தம் இல்லையா, இல்லை மீட்டரிலிருந்து வரும் ஒயரை எலி கடித்துவிட்டதா? வீட்டு மோட்டார் என்றால் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஓடிக்கொண்டிருக்கும் எரிவாயு டர்பைனில் அந்த அவகாசம் கிடையாது. கட்டுப்பாட்டு கம்ப்யூட்டர் அந்த நொடியே முடிவெடுத்தாக வேண்டும்.

அதற்குக் கைகொடுப்பதுதான் 'அனலாக் இன்புட், அவுட்புட் போர்டு' என்ற எலக்ட்ரானிக் கார்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தயாரித்த 'ஸ்பீட்ரானிக் மார்க் 6' சிஸ்டத்தில் இதற்குப் பெயர் வி.ஏ.ஐ.சி. ஒரு கார்டு 20 அளவீடுகளை உள்ளே வாங்கும், 4 உத்தரவுகளை வெளியே அனுப்பும்.

ஒரு பிரஷர் ரீடிங்குக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

எரிவாயு டர்பைனில் முதலில் கம்ப்ரஸர் காற்றை அழுத்தும். பிறகு எரிபொருள் எரியும், அந்தச் சூடான வாயு பிளேடுகளைச் சுழற்றும். பிளேடுக்கு முன்னால் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே சென்சாரை வைத்தால் ரொம்ப நாள் தாங்காது. அதனால் வெளியேறும் புகையின் வெப்பத்தையும், கம்ப்ரஸர் தரும் அழுத்தத்தையும் வைத்து உள்ளே எவ்வளவு சூடு என்று கணக்குப் போடுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான். அழுத்தம் குறைவாக இருந்தால், புகை வெப்பம் கொஞ்சம் அதிகமாகலாம் என்று கம்ப்யூட்டர் அனுமதிக்கும். சென்சார் பொய்யாகக் குறைத்துச் சொன்னாலும் அதே அனுமதிதான்! கூடுதல் எரிபொருள் போகும், பிளேடுகள் அளவுக்கு மீறிச் சூடாகும், ஆயுள் குறையும். அந்தப் பொய்யைப் பிடிக்காவிட்டால் பிளேடு கெடும். பயந்துபோய் ஒவ்வொரு தடவையும் டர்பைனை நிறுத்தினாலோ, கிரிட்டுக்குப் போகும் மின்சாரம் திடீரென்று நிற்கும்.

அது ஏன் 4-ல் தொடங்குகிறது?

சென்சார் தன் அளவை மின்னோட்டமாக அனுப்புகிறது. நீளமான ஒயரில் வோல்ட்டேஜ் குறையும். ஆனால் ஒரே சுற்றில் ஓடும் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். உதாரணத்துக்கு, 0 முதல் 16 பார் வரை அளக்கும் சென்சார் 0 பாருக்கு 4 மில்லி ஆம்பியர் அனுப்பும், 8 பாருக்கு 12, 16 பாருக்கு 20. கார்டுக்கு முன்னால் உள்ள டெர்மினல் போர்டில் 250 ஓம் மின்தடை ஒன்று இருக்கிறது. ஓம் விதிப்படி அது 1 முதல் 5 வோல்ட் ஆகிவிடும்.

பூஜ்ய அழுத்தத்துக்கும் 4 மில்லி ஆம்பியர் ஓடியே தீர வேண்டும் என்பதுதான் சூட்சுமம். ஒயர் அறுந்தால் மின்னோட்டமே இருக்காது. '4 வந்தால் அழுத்தம் இல்லை, 0 வந்தால் ஒயரே இல்லை.' அவ்வளவுதான் விஷயம்! 3.6-க்குக் கீழே போனால் கோளாறு என்று எடுத்துக்கொள்வது தொழில்துறை வழக்கம். பல சென்சார்களுக்கு இந்த 4-தான் சாப்பாடும்கூட. தனி மின் இணைப்பு இல்லாமல், அதே ரெண்டு ஒயரில் வரும் மின்சாரத்திலேயே அவை இயங்கும்.

மூணு கார்டு, ஒரே தீர்ப்பு

முக்கியமான டர்பைன்களில் ஆர், எஸ், டி என மூன்று கட்டுப்பாட்டு கம்ப்யூட்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி கார்டு. மூன்றும் சொல்லும் எண்களில் நடுவில் இருப்பதை, அதாவது பள்ளியில் படித்த 'இடைநிலை'யை, மார்க் 6 எடுத்துக்கொள்ளும். ஏன் சராசரி எடுக்கவில்லை? 10.1, 10.2, 0 என்று மூன்று எண்கள் வந்தால் சராசரி சுமார் 6.8. அப்படி ஒரு அழுத்தம் அந்த இயந்திரத்தில் எங்கேயுமே இல்லை! இடைநிலை 10.1. கெட்டுப்போனது ஒதுக்கப்பட்டுவிட்டது.

ஆனால் ஒன்று. டெர்மினல் போர்டில் வந்து சேரும் ஒரே ஒயரின் சிக்னலைத்தான் மூன்று கார்டுகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். கார்டு மூணு, ஒயர் ஒண்ணு! சென்சாரே தவறினால் மூன்று கார்டும் ஒரே பொய்யை ஒற்றுமையாகச் சொல்லும். அதனால்தான் கம்ப்ரஸர் அழுத்தம் போன்ற முக்கியமான அளவுகளுக்கு சென்சாரையே மூன்றாகப் போடுகிறார்கள்.

'தற்கொலை' ரிலே

வெளியே போகும் உத்தரவில் ஓட்டெடுப்பு இப்படி நடக்காது. தேவையான மின்னோட்டத்தை மூன்று கார்டுகளும் பங்கு போட்டுத் தருகின்றன. ஒன்று சொல்பேச்சு கேட்கவில்லை என்றால், அதன் ரிலே திறந்து அந்தக் கார்டின் அவுட்புட்டைத் துண்டித்துவிடும். மிச்சம் இரண்டும் முழுச் சுமையைத் தூக்கும். இந்த ரிலேவுக்கு இன்ஜினியர்கள் வைத்த பெயர்தான் 'தற்கொலை ரிலே'. பெயர் கொஞ்சம் கொடூரம்தான். பிரதான எரிபொருள் வால்வுகளுக்கு தனி சர்வோ கார்டு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கார்டு செத்துப்போனால்?

டர்பைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். கெட்ட கார்டு இருக்கும் ரேக்கை மட்டும் ஆஃப் செய்து, புதியதைச் செருக வேண்டும். ஆர் ரேக்கில் கோளாறு இருக்க, கை தவறி எஸ் ரேக்கை ஆஃப் செய்தால் மூன்றில் இரண்டு போய்விடும், டர்பைன் நின்றுவிடும். டெர்மினல் போர்டை மாற்றுவதாக இருந்தால், வோல்ட்டேஜா மின்னோட்டமா என்று தீர்மானிக்கும் சின்ன ஜம்பர்களை பழைய போர்டில் எப்படி இருந்ததோ அப்படியே வைக்க வேண்டும். கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.