பருப்பு வேகும் தண்ணீர்

டிவி வந்த அட்டைப்பெட்டியை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. மடித்துப் பரணில் வைத்திருக்கிறேன். ஒரு வீட்டில் மூன்று வருஷம் ஓடிவிட்டால் தெருவில் தொங்கும் 'டூ லெட்' பலகைகள் கண்ணில் பட ஆரம்பித்துவிடும். வீட்டில் ஒரு குறையும் இருக்காது, அக்கம்பக்கமும் நல்ல மனிதர்கள். ஆனாலும் இருப்புக் கொள்ளாது. பேங்க், ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று மாற்றல் உள்ள வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பரபரப்பு என்னவென்று பலருக்கும் தெரிந்திருக்கும்.

அப்பா வங்கி அதிகாரி. 1969-இல் 14 வங்கிகளும் 1980-இல் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமையாயின. சிற்றூர்களில் கிளைகள் பெருகின; அதிகாரிகள் ஊர் ஊராகப் போனார்கள். கோவில்பட்டி, சித்தூர், ராமநாதபுரம், பவானி என்று எங்கள் சாமான்களும் லாரி ஏறின. மாற்றல் ஆர்டர் அரைப்பரீட்சைக்கு முன்னால் வந்தாலும் வரும். சித்தூரில் பக்கத்து பெஞ்சுப் பெண்ணோடு தெலுங்கிலேயே சண்டை போடுமளவு தேறியிருந்தேன். அப்பா டி.சி. வாங்கி வந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் யாரோடும் ரொம்ப ஒட்டவில்லை. எப்படியும் கிளம்பத்தானே போகிறோம்!

'குழந்தைங்கதானே, சீக்கிரம் பழகிடுவாங்க' என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். டென்மார்க்கில் 1982 முதல் 2003 வரை பிறந்த பத்து லட்சத்துக்கும் அதிகமானோரின் பதிவுகளை ஆராய்ந்து, 2024-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 10 முதல் 15 வயதுக்குள் ஒரு முறைக்கு மேல் இடம் மாறியவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு, மாறாதவர்களைவிட 61 சதவீதம் கூடுதல். மாறியவர்கள் எல்லாருக்கும் வந்துவிடும் என்பதில்லை. ஆனால் நட்பு வேர்பிடிக்கிற வயது அது என்பதை மறுக்க முடியாது.

அந்த வயதில் என்னைத் தாங்கியது அம்மாவின் அடுப்படி. கட்டில், பீரோ எல்லாம் அப்புறம்; ஸ்டவ்வும் அஞ்சறைப் பெட்டியும்தான் முதலில் இறங்கும். உறைமோரை மட்டும் லாரியில் ஏற்றமாட்டார். மூடியை இறுக்கிய சின்னத் தூக்கில், பஸ்ஸில் அம்மாவின் மடியிலேயே அது வரும். எந்த ஊரானாலும் முதல் நாள் ராத்திரி மிளகு ரசம், சுட்ட அப்பளம். பல்பு மாட்டாத அறையில், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுவோம். பெருங்காயமும் நெய்யில் பொரிந்த சீரகமும் மணத்தால்தான் எனக்கு அது வீடு. வாசனைக்கு அப்படியொரு வலிமை உண்டு. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் மூளையில் தலாமஸ் என்ற பகுதி வழியாகப் போகின்றன. வாசனைக்கோ, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் இடங்களுக்கு நேர்வழி இருக்கிறது.

ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. கடினநீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பிலிருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். எவ்வளவு கொதித்தாலும் குழையாது. அம்மா ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தார், முந்தின ராத்திரியே ஊறவைத்தும் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். "அக்கா, இந்த ஊர்ல எந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு வேகும்?"

"அதுக்குன்னு ஒரு கிணறு இருக்கு தாயி. நாளைக்கு எம்மவளக் கூட அனுப்புறேன்."

மறுநாள் அந்த மகள் இடுப்பில் ஒரு குடம், என் இடுப்பில் ஒன்று. போகும்போது பேசவில்லை. திரும்பும்போது பேச்சு நிற்கவில்லை. பதிலுக்கு அம்மா கொடுத்தனுப்பிய சாம்பார்க் கிண்ணம் அவர்கள் வீட்டிலிருந்து வெறுமனே திரும்பவில்லை, மீன்குழம்போடு வந்தது. அந்த ஊரை விட்டு வரும்போதுதான் நான் முதல் முறையாக வாய்விட்டு அழுதேன். அப்படி அழ ஓர் ஊராவது எனக்குக் கிடைத்ததே என்று இன்று நினைக்கிறேன்.

மாற்றல் வந்திருக்கும் பெற்றோரே, பத்து வயதைத் தாண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால், கல்வியாண்டு முடியும்வரை தள்ளிப்போட முடியுமா என்று மேலிடத்தில் கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால், போன அன்றே அடுப்பைப் பற்றவையுங்கள். முதல் ராத்திரி ஓட்டல் பார்சல் வேண்டாம். பிள்ளைக்குப் பழகிய ஏதாவது ஒன்றைச் சமையுங்கள். அதில் ஒரு கிண்ணத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.