காட்டுத்தேன் வாங்கும் முன்

மலைப்பாதை வளைவுகளில் தேன் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அலுமினியக் குண்டான் நிறையப் பழுப்புப் பாகு, அதில் மிதக்கும் ஓர் அடைத்துண்டு, பக்கத்தில் வரிசையாகக் காலி பாட்டில்கள். “ஒரிஜினல் காட்டுத்தேன் சார். புண்ணுல தடவுனா ஆறிடும், பச்சக்குழந்தைக்கும் தரலாம், சுகருக்கும் நல்லது.” இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, உயிருக்கே ஆபத்தான பொய்யும் இருக்கிறது.

தேன் கிருமிகளைக் கொல்லும் என்பது மெய்தான். அதில் சர்க்கரை மிகுதி, நீர் குறைவு; கிருமியின் உடலில் இருக்கும் நீரையே உறிஞ்சிவிடும். அமிலத்தன்மையும் உண்டு. தேனீ தன் சுரப்பியிலிருந்து சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி, புண்ணின் ஈரம் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறுகச் சிறுக உண்டாக்கும். தேனைக் காய்ச்சினால் இந்த நொதி கெட்டுவிடும். இவற்றோடு பூவிலிருந்து வரும் ஃபீனால் பொருள்களும் வேலை செய்கின்றன. அதனால் தேனீக்கு ஏற்ப, பூவுக்கு ஏற்ப, பருவத்துக்கு ஏற்ப வலிமை மாறும்.

நம் மண்ணின் தேனீக்கள் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ. இவற்றில் கொசுத்தேனீ தனி ரகம். கொட்டாது. மரப்பொந்திலும் சுவர் விரிசலிலும் மெழுகையும் மரப்பிசினையும் குழைத்துச் சின்னஞ்சிறு குடங்கள் கட்டி அவற்றில் தேன் வைக்கும். அந்தத் தேன் நீர்த்திருக்கும், புளிக்கும், சீக்கிரம் நொதிக்கும். அதைப் போலி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது அதன் இயல்பு. தேனில் ஈரப்பதம் பொதுவாக 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்புத் தரம். கொசுத்தேனோ இயல்பிலேயே அதைத் தாண்டும்.

புண்ணுக்கு வருவோம். மேலோட்டமான தீக்காயங்களைத் தேன், வழக்கமான சில கட்டுகளைவிட விரைவில் ஆற்றுகிறது என்று 2015இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் மருத்துவமனைகளில் காயத்துக்கென்றே தரும் தேன் காமா கதிரால் கிருமிநீக்கம் செய்யப்பட்டது. குண்டானில் இருப்பது அதுவல்ல. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் கடைத்தேனைத் தடவிக்கொண்டு நாள் கடத்துவது, காலை இழக்கும் வழி. தேன் குடித்தால் சர்க்கரை குறையும் என்பதும் பொய், ஏறத்தான் செய்யும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து சேனை தொட்டு வைப்பதில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் நாக்கில் வீட்டுப் பெரியவர் விரலால் தேன் தொட்டு வைப்பார். அன்பில் செய்வதுதான். ஆனால் எவ்வளவு சுத்தமான தேனிலும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். தேனில் அவை சாவதில்லை, உறங்கிக் கிடக்கும். வீட்டில் காய்ச்சினாலும் அழியாது. பெரியவர்களின் குடல் அவற்றை முளைக்க விடாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் அவை முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல். பிறகு பால் உறிஞ்ச வலுவின்றிப் போகும், அழுகுரல் தேயும், இமை தொங்கும், கழுத்து துவளும். கடைசியில் மூச்சே நின்றுபோகலாம். இவற்றில் ஏதாவது தெரிந்தால் உடனே குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். தேன் கொடுத்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளையின் இருமலுக்குத் தேன் கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு சொட்டும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்களிடம் பிரசவத்துக்கு முன்பே இதைப் பேசிவிடுவது நல்லது.

அடுத்தது கலப்படம். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தாளில் தடவிக் கொளுத்துவது, நாய் நக்குகிறதா என்று பார்ப்பது எதுவும் சோதனையே அல்ல. கெட்டியான வெல்லப்பாகும் தண்ணீரில் நேராக அடியில் போய் உட்காரும். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்தது. கலப்படம் கண்டறிய ஜெர்மனியில் நடந்த என்.எம்.ஆர். சோதனையில் 10 பிராண்டுகள் தேறவில்லை என்று 2020 டிசம்பரில் அறிவித்தது. நிறுவனங்கள் மறுத்தன. ஆய்வகத்துக்கே கடினமான வேலை இது. நம் கண்ணும் நாக்கும் மட்டும் போதாது.

சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்திப் பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். சோதிக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தரமில்லை என்று முடிவு வந்தால் சோதனைக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லையும் பாட்டிலையும் பத்திரமாக வையுங்கள்.

பாகு தேனாக விலைபோகும்போது அடிபடுகிறவர்கள் இன்னொரு பக்கமும் இருக்கிறார்கள். நீலகிரியின் குறும்பர்கள், காட்டுநாயக்கர்கள் போன்றோர் கொடிக்கயிற்றில் பாறைமுகட்டிலிருந்து இறங்கி, புகை போட்டு மலைத்தேன் எடுக்கிறவர்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேனைச் சிறு வனப்பொருள் என்று பெயர் சொல்லியே சேர்த்து, அதைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. 2020இல் மத்திய அரசு காட்டுத்தேனுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை கிலோவுக்கு 225 ரூபாய். உழைப்பைப் பார்த்தால் இது மிகக் குறைவு.

தேன் வேண்டுமென்றால் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்களில் வாங்குங்கள். எந்தக் காடு, எந்த மாதம் எடுத்தது என்று கேளுங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்று பார்த்து, பில் வாங்கிக்கொள்ளுங்கள்.