பரண்ல தாத்தாவோட ரெக்கார்டு பெட்டி இருக்கா? எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

தாத்தா இருந்த வீட்டைக் காலி பண்ணும்போது பரணில் இருந்து ஒரு பெட்டி இறங்கும். உள்ளே தூசி படிந்த கறுப்புத் தட்டுகள். வீட்டில் பிளேயரும் இருக்காது, போட்டுக் கேட்கத் தெரிந்தவர்களும் இருக்க மாட்டார்கள். 'இடத்தை அடைக்குது, காயலான் கடைக்குப் போட்டுடலாம்'னு யாராவது சொல்வாங்க. நம் ஊரில் பல ரெக்கார்டு கலெக்‌ஷன்கள் முடிவது இப்படித்தான்.

கொஞ்சம் பொறுங்க. ஒரு தட்டைக் கையில் எடுங்க. கனமா, கீழே விழுந்தா ஓடு மாதிரி உடைஞ்சுடும்னு தோணுதா? அது 78 ஆர்.பி.எம். நிமிஷத்துக்கு 78 சுற்று, பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம் பாட்டு. அது பிளாஸ்டிக் இல்லை, அரக்கு கலந்து செஞ்சது. லேசா வளையுற பெரிய தட்டுன்னா அது வினைல் எல்.பி. பக்கத்துக்கு 20 நிமிஷம் ஓடும்.

இன்றைக்கு விலை போவது பெரும்பாலும் எல்.பி.தான். 80-களில் 'எக்கோ' லேபிளில் வந்த இளையராஜா தட்டுகளைத் தேடி அலையுறவங்கள்ல உங்க வயசுப் பசங்களும் உண்டு. போன்ல அதே பாட்டு இருக்கும். ஆனாலும் அந்த அட்டையும் தட்டும் கையில் வேணும். 78-ஐ அவங்க பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை.

ஆனா, போனா திரும்பி வராதது அந்த 78-தான். நாடக மேடையைக் கலக்கிய எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல் இறந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. சினிமாவில் நடிக்கவும் இல்லை. இன்றைக்கு யூடியூபில் அவர் குரல் கேட்குதுன்னா, யாரோ ஒருத்தர் வீட்டில் தட்டு உடையாம இருந்ததுதான் காரணம். அவருக்காவது பெயர் நிலைச்சிடுச்சு. காமெடி செட், நாடக செட், தேசியப் பாட்டு, நாகஸ்வரம்னு பாடி வாசிச்சுட்டுப் போன எத்தனையோ பேர் எந்த ஆப்பிலும் இல்லை. அவங்க குரலுக்கு மிச்சமிருக்கும் ஒரே பிரதி உங்க பரண்லகூட இருக்கலாம்.

இதையெல்லாம் யார் சேர்க்கிறாங்க? கல்யாண வீட்டுக்குக் குழாய் கட்டி 'திருவிளையாடல்' வசனத்தை ஊருக்கே மனப்பாடம் ஆக்கின சவுண்ட் சர்வீஸ்காரங்க சிலர் இன்னும் தட்டுகளை விடாம வெச்சிருக்காங்க. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய புத்தகங்களோடு கிராமபோன் ரெக்கார்டுகளையும் பாதுகாக்குது. மும்பையில் 1990-ல் தொடங்கின இந்திய ரெக்கார்டு சேகரிப்பாளர்கள் சங்கம், பழைய தட்டுகளைப் பற்றிய விவரங்களைத் தொகுத்து இதழாவே வெளியிட்டிருக்கு.

ஒரு எச்சரிக்கை. எங்க பெரியப்பா ஆர்வக்கோளாறில் ஒரு 78-ஐ ஸ்பிரிட் போட்டுத் துடைச்சார். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்ங்கிறது அன்னிக்குத்தான் வீட்டுக்கே தெரிஞ்சது. சானிட்டைசரும் கூடாது, மெல்லிய துணியால தூசியை மட்டும் எடுங்க. எல்.பி-யைப் பழைய சாவி கிராமபோனில் வைக்காதீங்க, அந்த இரும்பு ஊசி ஒரே ஓட்டத்தில் உழுதுடும். தட்டுகளைப் படுக்கவெச்சு அடுக்காம, புத்தகம் மாதிரி நிக்க வைங்க.

வெச்சுக்க முடியலையா, பரவாயில்லை. ஒவ்வொரு தட்டோட நடு லேபிளையும் எண் தெரியுற மாதிரி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, மேலே சொன்ன மாதிரி ஒரு நூலகத்துக்கோ சேகரிப்பாளருக்கோ அனுப்பிக் கேளுங்க. காயலான் கடைக்காரரை அவங்க பதில் வந்த பிறகு கூப்பிட்டுக்கலாம்.