நட்சத்திரம் காட்டும் புரோக்கர்! முதலில் சர்வே நம்பரைக் கேளுங்க!

காவலூர்: ஜவ்வாது மலையில் குளுகுளு காற்று. பக்கத்திலே வைணு பாப்பு வான்நோக்கு நிலையம். 1986-ல் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் டெலஸ்கோப் அங்கேதான் இருக்கிறது. "அப்சர்வேட்டரிக்குப் பக்கத்துல இடம் சார்!" என்று நில புரோக்கர் ஆரம்பித்தால், ஆசை பிடித்துக்கொள்ளும்.

முதல் கேள்வியே "பட்ஜெட் எவ்வளவு?" என்பதுதான். வாங்க வந்தவர் பதில் சொல்லுமுன், சர்வே நம்பரைக் கேட்க வேண்டும். நம்பர் இருந்தால் பட்டாவையும் வில்லங்கத்தையும் அவரே பார்த்துவிடலாம். நம்பரைச் சொல்ல மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

மலையில் சிக்கல் பட்டாவில்தான். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் விட்டாலும் கோர்ட்டுதான்! அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டாவோ இன்னும் மோசம். நிபந்தனையை மீறி விற்றால் கிரயமே ரத்தாகலாம். வாங்கியவருக்குப் பணம் போச்சு. விற்ற மலையாளிக் குடும்பத்துக்கு இருந்த காணியும் போச்சு. இடையில் கமிஷன் வாங்கியவர் எங்கே? மலை இறங்கியிருப்பார்!

பெரிய லே-அவுட் மனை என்றால், திட்டத்துக்கும் புரோக்கருக்கும் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு எண் வேண்டும். அதையும் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார், நல்ல புரோக்கராக இருந்தால்.

கமிஷன் எவ்வளவு, எப்போது என்பதையும் அன்றைக்கே பேசிவிட வேண்டும். "வேற பார்ட்டி ரெடியா நிக்குது, இன்னிக்கே அட்வான்ஸ் போடுங்க" என்பார். அந்தப் பார்ட்டி எல்லா இடத்திலும் நிற்கும்!