காட்டூர் கண்ட கார்ப்பரேஷன் தேர்தல்

திருச்சிராப்பள்ளியிலிருந்து கிழக்கே தஞ்சாவூர் ரஸ்தாவில் பிரயாணம் செய்தால், பால்பண்ணையைத் தாண்டியதும் அரியமங்கலம் வரும். அதைத் தாண்டினால் காட்டூர். அதற்கும் அப்பால், எறும்பீசர் குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் திருவெறும்பூர். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று வண்டியில் போகிறவர்களால் இன்று சொல்ல முடியாது. பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களும், 1960-களில் திருவெறும்பூருக்கு அருகில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களும், கடன் பட்டாவது ஒரு மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறினார்கள். தெருவுக்குத் தெரு வீடுகள் நெருங்கின. காடு போய்விட்டது, காட்டூர் என்ற பெயர் மட்டும் நின்றது.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி, திருச்சிராப்பள்ளி மாநகராட்சித் தேர்தலின் முடிவுகள் வெளியாயின. வோட்டுப் பதிவு மூன்று நாட்களுக்கு முன், 19-ந் தேதி நடந்திருந்தது. அறுபத்தைந்து வட்டங்களில் 59 வட்டங்களைத் திராவிட முன்னேற்றக் கழகக் கூட்டணி கைப்பற்றியது. அ.தி.மு.க.வுக்கு மூன்றே வட்டங்கள். மிச்சம் மூன்றும் அ.ம.மு.க.வுக்கும் சுயேச்சைகளுக்கும் போயின. மாகாணம் முழுவதுமே காற்று அப்படித்தான் அடித்தது. 21 மாநகராட்சிகளில் ஒன்றைக்கூட எதிர்க்கட்சி பெறவில்லை. அன்று மாலைக்குள் பட்டாசு வெடித்து, மாலைகள் விழுந்து, ஒலிபெருக்கிகள் ஓய்ந்தன. பத்திரிகைகளும் யாருக்கு எத்தனை என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டன.

ஆனால் காட்டூரைப் பொறுத்தவரையில், எந்தக் கட்சி ஜெயித்தது என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அன்று நடந்தது. ஐந்தாண்டுகளுக்கு மேலாகக் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார ஒரு மனிதர் கிடைத்தார் என்பதே அது. இதை விளங்கச் சொல்லவேண்டுமானால் சற்றுப் பின்னே போகவேண்டும்.

நமது நகரசபைக்கு வயது குறைவில்லை. 1865-ஆம் வருஷத்து நகர அபிவிருத்திச் சட்டத்தின்படி 1866-ல் திருச்சிராப்பள்ளி முனிஸிபாலிடி ஏற்பட்டது. முதலில் ஸர்க்கார் நியமித்த அங்கத்தினர்களே ஊரை ஆண்டார்கள். 1877-ல் தேர்தல் வந்தது. அந்த நாளில் வோட்டு என்பது வரி செலுத்தும் சொத்துக்காரர்களுக்கு உரிய மரியாதை. கூலி வேலை செய்கிறவனுக்கும், வீட்டுக்குள்ளிருந்த பெண்களுக்கும் அதில் பங்கில்லை. 1882-ல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சி பற்றித் தம் பெயர்போன தீர்மானத்தை வெளியிட்டார். நம் தலைவர்கள் பலர் அந்தக் குறுகிய வாசல் வழியேதான் ராஜ்ய பாரத்தைப் பழகினார்கள். ராஜாஜி சேலத்தில் சேர்மனாக இருந்தார், ஈ. வெ. ராமசாமி அவர்கள் ஈரோட்டில். ஜவாஹர்லால் 1923-ல் அலகாபாத் நகரசபைத் தலைவரானார். வல்லபாய் பட்டேல் 1924-ல் ஆமதாபாத்தில், சித்தரஞ்சன் தாஸ் அதே ஆண்டில் கல்கத்தாவில் மேயர். சாக்கடையையும் குழாய்த் தண்ணீரையும் கவனிப்பது தங்கள் தகுதிக்குக் குறைவு என்று அவர்களில் ஒருவரும் எண்ணவில்லை.

(ஸ்தல ஸ்தாபனத்தைப் பற்றி எழுதுகிறவன் உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைத் தொடாமல் போனால் தமிழ்நாட்டில் மன்னிப்பில்லை. ஆகையால் ஒரு வார்த்தை: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மறுபடி நிற்கக்கூடாது என்று அதில் விதி இருக்கிறது. பராந்தக சோழன் காலத்து விதி. இன்றைய அபேட்சகர்கள் அதைப் படிக்காமலிருப்பது அவர்களுக்கு நல்லது.)

1994-ல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு திருச்சிராப்பள்ளி மாநகராட்சியாக உயர்ந்தது. 1996-ல் நடந்த தேர்தலில் புனிதவல்லி பழனியாண்டி முதல் மேயரானார். சாருபாலா தொண்டைமான், சுஜாதா, ஜெயா என்று அதன் பின்னும் இந்த நகரத்தின் மேயர்கள் பெண்மணிகளாகவே வந்தார்கள். 2022 மார்ச்சு 4-ந் தேதி மு. அன்பழகன் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, திருச்சிக்கு முதன்முதலாக ஓர் ஆண் மேயர் கிடைத்தார் என்று சொல்லிக்கொள்ளும்படி ஆயிற்று. துணை மேயர் பதவி ஒரு பெண்மணிக்குச் சென்றது.

காட்டூர் அதுவரை இந்தக் கதையில் இல்லை. பாப்பாக்குறிச்சி காட்டூர் என்றுதான் தபால்களில் எழுதுவார்கள். ஊராட்சியின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த ஊர் அது. 2011-ல் திருவெறும்பூர்ப் பேரூராட்சியும், பாப்பாக்குறிச்சி, எல்லக்குடி, ஆலத்தூர், கீழக்கல்கண்டார்கோட்டை முதலிய ஊராட்சிகளும் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. 60 வட்டங்கள் 65 ஆயின. அதே ஆண்டு அக்டோபரில் தேர்தலும் நடந்தது. பட்டணவாசி என்ற பட்டம் காட்டூராருக்கு அப்படிக் கிடைத்தது.

அந்தப் பட்டத்துக்குக் கொடுத்த விலை என்ன என்பதைக் காட்டூர்க் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எனக்கு விளக்கினார். பொன்மலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஊராட்சியாக இருந்தபோது, தம்பி, தெரு விளக்கு எரியவில்லையென்றால் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்போம். அவரும் நம்மைப் போலத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். சண்டை போடுவோம். வருஷத்தில் நாலு தரம் கிராம சபை கூடும். அங்கேயும் சண்டை போடுவோம். பட்டணத்தோடு சேர்ந்த பிறகு சண்டை போட ஆளில்லை.”

“கவுன்ஸிலர் இருந்தாரே, ஐயா?”

“ஐந்து வருஷம் இருந்தார். அப்புறம்?”

அந்த ‘அப்புறம்’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. 2011-ல் அமைந்த மன்றத்தின் ஆயுள் 2016 அக்டோபர் 24-ந் தேதியோடு தீர்ந்தது. அதற்குள் புதிய தேர்தல் முடியவேண்டும் என்பது அரசியல் சாஸனத்தின் 74-வது திருத்தம் இட்ட கட்டளை. அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவிப்பும் வந்தது. அபேட்சகர்கள் மனுத் தாக்கல் செய்தார்கள். ஆனால் பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு முறைப்படி செய்யப்படவில்லை என்று வழக்கு எழ, சென்னை ஹைகோர்ட் அக்டோபர் 4-ந் தேதி அந்த அறிவிப்பை ரத்து செய்தது. பிறகு வட்டங்களின் எல்லையைத் திருத்துவது, கோர்ட்டு, மறுபடி எல்லை, மறுபடி கோர்ட்டு என்று காலம் ஓடியது. கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் பெரும்பாலான ஜில்லாக்களிலும், எஞ்சிய ஜில்லாக்களில் 2021 அக்டோபரிலும் தேர்தல் நடந்தது. நகரங்களின் முறை கடைசியில் வந்தது.

2016 அக்டோபர் முதல் 2022 மார்ச்சு வரை எண்ணிப் பாருங்கள். ஐந்து வருஷமும் நாலு மாதமும் ஆகின்றன. ஒரு மன்றத்தின் முழு ஆயுளைவிட நீண்ட காலம்! அத்தனை நாளும் தனி அதிகாரிகளே நகரத்தை ஆண்டார்கள். அவர்களில் திறமைசாலிகள் இருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதிகாரியின் மேஜை காட்டூரில் இல்லை. அவருக்கு வோட்டுப் போட்டவரும் இல்லை. வோட்டுப் போடமாட்டேன் என்று அவரைப் பயமுறுத்தக் கூடியவரும் இல்லை. மத்திய நிதிக் கமிஷன் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஒதுக்கிய மானியமும், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காரணத்தால் தடைப்பட்டது. இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. 1973-ல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு மறு தேர்தல் 1996-ல்தான் வந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள்! வெள்ளைக்காரன் ஆட்சியில் இப்படி நடந்திருந்தால் கடற்கரையில் எத்தனை கண்டனக் கூட்டம் போட்டிருப்போம்!

சரி, தேர்தல் வந்தபோது ஜனங்கள் ஆவலோடு போய் வோட்டளித்தார்களா? அங்கேதான் இன்னொரு சங்கதி வெளிப்பட்டது. பேரூராட்சிகளில் 74.68 சதவிகிதம் பேர் வோட்டளித்தார்கள்; நகராட்சிகளில் 68.22 சதவிகிதம், மாநகராட்சிகளில் 52.22 சதவிகிதம்தான். தலைநகரான சென்னையில் பாதிப் பேர்கூட வாக்குச் சாவடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஊர் பெரிதாகப் பெரிதாக வோட்டு சிறுக்கிறது! படித்தவர்களுக்குப் பொறுப்பில்லை என்று இதற்குக் காரணம் சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. தன் தெருவைப் பற்றிய முடிவு எங்கேயோ எட்டாத இடத்தில் நடக்கிறது என்று எண்ணுகிறவன், வோட்டுச் சாவடிக்குப் போகும் பத்து நிமிஷத்தையும் வீண் என்றே கணக்கிடுவான். ஐந்தரை வருஷம் மன்றமே இல்லாமல் ஊர் நடந்ததைப் பார்த்த பிறகு, மன்றம் எதற்கு என்று கேட்கிறவனிடம் நாம் என்ன சொல்லமுடியும்?

கவுன்ஸிலரால் ஆகக்கூடியதும் அளவோடுதான் இருக்கிறது. காட்டூரார் பல வருஷங்களாகக் கேட்டுவரும் பெரிய வரம் ஒன்று உண்டு. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை பதினாலரைக் கிலோமீட்டர் தூரத்துக்குத் தஞ்சாவூர் ரஸ்தாவை நாலு வழிச் சாலையாக அகலப்படுத்தினார்கள். பக்கத்தில் அணுகுசாலை போடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் குழந்தையும், காய்கறிப் பையோடு வரும் கிழவியும், மணிக்கு எண்பது மைல் வேகத்தில் போகவேண்டுமென்று துடிக்கும் பஸ்ஸும் ஒரே சாலையில்தான் போகவேண்டும். விபத்துக்களுக்குக் குறைவில்லை. குடியிருப்போர் சங்கங்கள் மனுக் கொடுத்து, போராட்டம் நடத்தி, மதுரையிலுள்ள ஹைகோர்ட் கிளை வரையில் போயின. அந்தச் சாலையோ தேசிய நெடுஞ்சாலை. அதில் ஒரு கல்லைப் பெயர்த்து வைக்கவும் மாநகராட்சிக்கு அதிகாரம் கிடையாது. வட்டத்துக் கவுன்ஸிலர் அதற்காகப் பேசலாம், கடிதம் எழுதலாம், சாலை ஓரத்தில் நின்று கோஷமும் போடலாம்.

பாதாளச் சாக்கடை, குடிதண்ணீர், தெரு விளக்கு, குப்பை ஆகியவை மட்டும் முழுக்க மன்றத்தின் காரியம். பக்கத்து அரியமங்கலத்தில் சுமார் 47 ஏக்கரில் நகரத்துக் குப்பையெல்லாம் ஒரு தலைமுறைக்கு மேலாக மலையாகக் குவிந்தது. அதில் தீப்பற்றிய நாட்களில் சுற்றுப்புறத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. மலைக்கோட்டை வீதிகள் சுத்தமாக இருந்ததற்குக் கிழக்குப் புறத்தார் மூச்சுத் திணறினார்கள் என்று சொன்னால் மிகையாகாது. அதைப் பேசுவதற்கு ஒரு குரல் மன்றத்தில் இருக்கவேண்டுமல்லவா?

2022 தேர்தலில் பாதி வட்டங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. முன்பு மூன்றில் ஒரு பங்காக இருந்ததை 2016-ல் சட்டசபை பாதியாக உயர்த்தியது. அதன் பலன் கைக்கு வர ஆறு வருஷம் பிடித்தது. வென்ற பெண்மணிக்குப் பதிலாக அவருடைய கணவரே வட்டத்தை ஆளுகிறார் என்ற பரிகாசம் எல்லா ஊர்களிலும் உண்டு. சில இடங்களில் அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும், குழாயில் தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது என்பதைத் தூக்கம் விழித்து அறிந்தவர்கள் பெண்களே. அந்த அறிவுக்கு மன்றத்தில் ஓர் ஆசனம் கிடைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மார்ச்சு 2-ந் தேதி அங்கத்தினர்கள் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஒரு மாதம் ஆவதற்குள் ராஜ்ய ஸர்க்கார் சொத்து வரியை உயர்த்தியது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில், 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவிகிதம். 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவிகிதம். புதுக் கவுன்ஸிலர்கள் வாழ்த்துப் பெறப் போன வாசல்களிலெல்லாம் வரியைப் பற்றிய கேள்வியே முதலில் வந்தது என்பதை ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டாம். பாவம், தீர்மானித்தது கோட்டை. வாங்கிக் கட்டிக்கொண்டது வட்டம்.

கிராம சபையை இழந்தோம் என்று பெரியவர் சொன்னாரே, அதற்கும் ஒரு பரிகாரம் தேடினார்கள். நகரங்களில் வட்டக் குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022-ல் விதிகள் வந்தன. நவம்பர் 1-ந் தேதி, உள்ளாட்சி நாளன்று, பல நகரங்களில் பகுதி சபைகள் கூடின. மந்திரிகள் வரும் நாளில் பந்தலும் நாற்காலியும் நிறைந்திருக்கும். மற்ற நாட்களிலும் கூட்டம் சேருகிறதா என்பதை அந்தந்த வட்டத்தார்தாம் கண்டு கேட்கவேண்டும்.

2025-ன் தொடக்கத்தில் திருச்சியைச் சுற்றியுள்ள மேலும் பல ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்க்க ஸர்க்கார் முனைந்தது. அதவத்தூர் முதலிய கிராமங்களில் ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்பது அவர்களுடைய அச்சம். காட்டூர் 2011-ல் நடந்த பாதைதான் அது. பெரியவரிடம் இதைச் சொன்னேன்.

“அந்தப் பக்கத்தில் எனக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது, தம்பி. சேரலாமா, வேண்டாமா என்று என்னைக் கேட்டார்கள்.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“தண்ணீர் வரும், சாக்கடை வரும், வரியும் வரும் என்று சொன்னேன். தேர்தல் எப்போது வரும் என்பதை மட்டும் சேருவதற்கு முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.”

டீக்குக் காசு கொடுக்க நான் கையைப் பையில் விடுவதற்குள், பெரியவர் இருவருக்குமாகக் கொடுத்துவிட்டார்.