யானையை வாங்கலாம், தீனி?

கையில் இருப்பது ஒரே தொகை. அதற்குப் புத்தம் புதிய சிறிய எஸ்.யு.வி. ஒன்றும் கிடைக்கும், எட்டு ஆண்டுகள் ஓடிய ஜெர்மானிய ஆடம்பர எஸ்.யு.வி. ஒன்றும் கிடைக்கும். எதை வாங்குவது? இன்று பல இல்லங்களில் எழுகின்ற கேள்வி இது. வட்டிக் கடனை நாடாமல், ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கும் குடும்பத்துக்கோ இது சாதாரணக் கேள்வியன்று. ஒருமுறை தவறினால் மறுபடியும் சேர்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும்!

ஆடம்பர வண்டியின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. நெடுஞ்சாலையில் அது வழுக்கிக்கொண்டு செல்லும். உள்ளே அமைதி, முதியோருக்கு அலுப்பில்லாத இருக்கை, வேகத்திலும் தடுமாறாத உறுதி. முதல் உரிமையாளர் விலை வீழ்ச்சியின் பெரும்பகுதியைத் தாமே சுமந்துவிட்டதால், நமக்கு அது மலிவாகத் தெரிகின்றது.

ஆனால், வாசகர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். குறைந்தது வண்டியின் விலைதான், உதிரிபாகங்களின் விலையன்று! 40 இலட்சத்துக்கு விற்ற வண்டி 12 இலட்சத்துக்குக் கிடைத்தாலும், அதன் கியர்பாக்ஸும் முகப்பு விளக்கும் 40 இலட்ச ரூபாய் வண்டிக்கு உரியவையே. பழுது பார்க்கும் நிலையங்களும் பெருநகரங்களில்தாம் உள்ளன. கீழக்கரையிலோ அதிராம்பட்டினத்திலோ வண்டி நின்றுவிட்டால், இழுத்துச் செல்லும் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காப்பீடும் முழுமையாகக் கைகொடுப்பதில்லை. தேய்மானக் கழிவில்லாப் பாலிசி பெரும்பாலும் புதிய வண்டிகளுக்கே கிடைக்கும். சாதாரணப் பாலிசியில், மாற்றப்படும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் 50 விழுக்காடும், ஐந்து முதல் பத்து ஆண்டான வண்டியின் உலோகப் பாகங்களில் 40 விழுக்காடும் உரிமையாளர் தலையில் விழும். தனியார் வண்டியின் பதிவுக் காலமோ 15 ஆண்டுகள். எட்டாண்டு வண்டியில் எஞ்சியிருப்பது ஏழே ஆண்டுகள்.

புதிய சிறு வண்டிக்கு அண்மையில் ஒரு சலுகையும் கிட்டியுள்ளது. நீளம் 4 மீட்டருக்கு மிகாமல், எஞ்சின் பெட்ரோலாயின் 1200 சி.சி.க்கும் டீசலாயின் 1500 சி.சி.க்கும் மிகாமல் இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடுதான். பெரிய கார்களுக்கு அது 40 விழுக்காடு.

“சிறிய வண்டி பாதுகாப்பற்றதாயிற்றே!” என்பீர்கள். டாடா நெக்ஸான் 2018-இலேயே குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரங்கள் பெற்றது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்.சி.ஏ.பி. சோதனையும் நடைமுறையில் உள்ளது. எல்லாப் புதிய வண்டிகளும் சமமல்ல. நட்சத்திரங்களைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள்.

அப்படியானால் பழைய ஆடம்பர வண்டியை எவருமே வாங்கக் கூடாதா? வாங்கலாம். பெருநகரில் வசிப்பவராக இருத்தல் வேண்டும். நெடுந்தூரப் பயணம் மிகுந்தவராக இருத்தல் வேண்டும். வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கையேனும் பழுதுச் செலவுக்கென ஒதுக்கி வைக்க இயல வேண்டும்.

விற்கும் பொருளின் குறையை மறைக்கலாகாது என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் வணிக நெறி. ஆயினும் வாங்குபவர் ஆராயாமல் இருந்துவிடலாகாது. சர்வீஸ் பதிவேடு முழுமையாக உள்ளதா? கணினிச் சோதனையில் பிழைகள் தென்படுகின்றனவா? டயரில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத் தயாரிப்பு. இருக்கைப் பட்டையை இறுதிவரை இழுங்கள்; அடியில் சேற்றுக்கறை இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கக்கூடும். 2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னையிலும், 2023-இல் காயல்பட்டினம் உள்ளிட்ட தென்பகுதிகளிலும் பெய்த பேய்மழையை மறந்துவிடாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களைக் காலம் தாழ்த்தாமல் ஒப்படையுங்கள். வங்கி அடமானம் இருந்தால் அது நீங்கிய பின்னரே பணம் கொடுங்கள்.

திருமண வீட்டு வாசலில் நான்கு பேர் வியந்து பார்ப்பது ஒரு நாள் மகிழ்ச்சி. நள்ளிரவில் பிரசவ வலியால் துடிக்கும் மகளை மருத்துவமனையில் சேர்க்கும் வண்டி, சாவியைத் திருகியவுடன் கிளம்ப வேண்டும். உங்கள் இல்லத்துக்குத் தேவை எது என்பதைக் குடும்பத்தாருடன் அமர்ந்து கலந்தாலோசித்து முடிவு செய்யுங்கள்.