ஏழு மில்லிமீட்டர் கவலை

"போன மாசம் ஆறு, இந்த மாசம் ஆறரைக்கா. ஏழு வந்தாத்தான் கருவை உள்ள வைப்பாங்களாம்."

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், லீ பஜார் மண்டிகளைத் தாண்டிய ஒரு சந்தில் கொலுசுக்குச் சலங்கை கோர்த்துக்கொண்டே சொன்னார் அந்தப் பெண். இடுக்கி முனையால் வளையத்தைப் பிரிக்கிறார், சலங்கையை மாட்டுகிறார், நெரித்து மூடுகிறார். கை நிற்கவே இல்லை. கல்யாணமாகி எட்டு வருஷம்.

ஆறும் ஏழும் கருப்பை உள்சவ்வின் கனம். மாதவிலக்கு முடிந்ததும் மெலிந்து கிடக்கும் சவ்வு, ஈஸ்ட்ரோஜன் தயவில் இரண்டே வாரத்தில் இரண்டு மூன்று மடங்காகிறது. கூடவே புதிய ரத்தக் குழாய்களும் முளைக்க வேண்டும். வளர்ந்த உடம்பில் அது அபூர்வம். காயம் ஆறும்போது நடக்கும், புற்றுக்கட்டியில் நடக்கும். கருப்பையிலோ மாதாமாதம் நடக்கிறது. 1940-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்க ஆய்வாளர் மார்க்கீ, பெண் குரங்கின் கருப்பைச் சவ்வில் ஒரு துணுக்கை அதன் கண்ணுக்குள் பதித்து வெளியிலிருந்தே கவனித்தார். சுருள் நாளங்கள் இறுகின, பிறகு ரத்தம் கசிந்தது. குரங்கின் பாட்டை நினைத்தால் சங்கடம்தான். கரு ஒட்டிவிட்டால் இதே சுருள் நாளங்கள்தாம் அகன்று நஞ்சுக்கொடிக்குள் ரத்தம் பாய்ச்சுகின்றன.

ஏழு எட்டாதவர்களுக்கு ஆஸ்பிரின், சில்டெனாஃபில், சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளேட்லெட் என்று வரிசையாகத் தருகிறார்கள். குழந்தை பிறக்கும் வாய்ப்பை இவை கூட்டும் என்பதற்கு வலுவான ஆதாரம் இன்னும் இல்லை. ஏழுக்குக் கீழேயும் கரு தங்கியதுண்டு.

சவ்வு தடிக்காததற்கான காரணங்களில் எனக்கு உறுத்துவது டிபி. மாதந்தோறும் உதிர்வது மேல்சவ்வு. அது மறுபடி துளிர்ப்பது அடிச்சவ்விலிருந்து. நுரையீரலுக்கு வந்த டிபி கிருமி ரத்தம் வழியே கருக்குழாய்க்கும், அங்கிருந்து கருப்பைக்கும் இறங்கி அந்த அடிச்சவ்வையே அரித்துத் தழும்பாக்கிவிடும். அப்புறம் எந்த ஊசி போட்டும் அங்கே ரத்தக் குழாயை முளைக்க வைப்பது கடினம். பலருக்கு இருமலும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. விலக்கு குறைந்துகொண்டே போகும். தொல்லை விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

"டிபி பார்த்தாங்களா?"

"அது இருமறவங்களுக்குத்தானேக்கா? எங்கப்பா ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாரு."

எட்டு வருஷத்தில் யாரும் இதை அவரிடம் கேட்கவில்லை.

கிருமியின் சுவடு தெரிந்ததற்காக மட்டுமே மாத்திரை தரக் கூடாது என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. சரி, பரிசோதித்துப் பார்ப்பதில் என்ன தடை? விலக்கு வருவதற்குச் சில நாள் முன்பு சவ்வில் துணுக்கு எடுக்க வேண்டும். கிருமி சிக்க வாய்ப்புள்ள நேரம் அதுதான். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் தழும்பு விழுந்தபின் மாத்திரை நோயைத்தான் தீர்க்கும், சவ்வை மீட்டுத் தராது.

அடுத்த ஸ்கேனுக்குப் பணம் கட்டுமுன், உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ எப்போதாவது டிபி இருந்திருந்தால், கேட்காவிட்டாலும் டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.